மூன்று பேருக்கான பிடித்தம்

சித்திரை பிறந்தால் எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு சண்டை பிறக்கும். கரண்டுக்கு மாசாமாசம் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கச் சொல்வது என்பதுதான் சண்டை. ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த எண்பதுகள் அது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி, குடும்பஸ்தர்களுக்கு என்று ஒரு குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்திருந்தது. காலனி முழுவதற்கும் மொத்தமாக ஒரே மின் இணைப்பு. வீட்டுக்கு வீடு ஒரு சின்ன மீட்டரை மட்டும் மாட்டி வைத்திருந்தார்கள். ஆளாளுக்குப் போய் வரிசையில் நின்று பணம் கட்ட வேண்டிய தொல்லை இல்லை. கம்பெனியில் வருகையும் சம்பளமும் பார்க்கிற டைம் ஆபீஸில் போய் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் வருஷம் முழுக்க அதைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

தீபாவளிக்குக் கணக்கு முடிப்பார்கள். மீட்டர் அதிகமாக ஓடியிருந்தால் போனஸில் கை வைப்பார்கள். குறைவாக ஓடியிருந்தால் மிச்சத்தைப் போனஸோடு சேர்த்துக் கொடுப்பார்கள். தொகையை எப்படிச் சொல்வது என்று ஜனங்கள் முழிக்கக் கூடாது என்பதற்காக டைம் ஆபீஸிலேயே இரண்டு கணக்கு வைத்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி மட்டும் என்றால் ஒன்று, பிள்ளையோடு என்றால் இன்னொன்று. எதை எடுத்துக்கொள்வது என்பது அவரவர் இஷ்டம்.

இஷ்டம் என்று விட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மூன்று பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்த மாமியாருமாக வீடு நிறைய ஆள் வைத்திருப்பவர் "ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டு வருவார். கையில் நாலு காசு கூட வருகிறதே என்று அவருக்கு அப்போது சந்தோஷம். தீபாவளிக்குப் போனஸ் கவரைப் பிரித்ததும் அந்த வீட்டில் பட்டாசுக்கு முன்னால் பாத்திரம் வெடிக்கும். காலனியில் பாதி வீடுகள் இப்படித்தான். இதற்கு நேர் எதிராகச் செய்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீடு.

வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். ஆனால் டைம் ஆபீஸில் நாங்கள் மூன்று பேர்.

எங்களுக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வளர்ந்தவர்கள். மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது இங்கே வந்தோம். முதல் ஐப்பசியிலேயே அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. ஓசூர் பனியைப் பற்றி இந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் அதிலேயே வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள். எங்களுக்கு அப்படியா? ராத்திரியெல்லாம் பிள்ளையின் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருப்பேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த டாக்டர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். "இந்தச் சளி ஏரியா இவளுக்கு ஒத்துக்காதும்மா. ரெண்டு மழைக்காலம் ஊர்ல விட்டு வைங்க, பெரிசானா சரியாயிடும்" என்றார். குளிரைத்தான் அவர் கன்னடத்தில் சளி என்றார்.

ஊரில் என் அக்கா இருந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை கிடையாது. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டு தனியாக இருந்தாள். "கொண்டாந்து விடு, நான் பாத்துக்கிடுதேன். உடம்பு தேறினதும் கூட்டிட்டுப் போ" என்றாள். தை மாதத்தில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும்போது சேலம் வரைக்கும் என் மடி கனக்காமல் இருந்ததே எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அடுத்த சித்திரையில் அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கேட்டார், "இந்தா, இன்னைக்கு டைம் ஆபீஸ்ல சொல்லணும். எத்தனை பேர்னு போடட்டும்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இதென்ன கேள்வி? உங்க வீட்ல எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியாதா? மூணுன்னு போடுங்க. ஆடி கழிஞ்சா அவ வந்துருவா."

"வந்தப்புறம் மாத்திக்கிடலாமே."

"நடுவுல மாத்த மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்று என்றே சொல்லிவிட்டு வந்தார்.

ஆடி கழிந்தது. அவள் வரவில்லை. சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கூட்டி வருவது? தீபாவளிக்குப் போனஸோடு கரண்டுப் பணத்தில் ஒரு நல்ல தொகை திரும்பி வந்தது. காலனியே வாயைப் பிளந்தது. எதிர்வீட்டுக்காரி தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, காய்காரியிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசக்கூடியவள். "நீ கெட்டிக்காரி அக்கா. சீட்டுப் போட்டாப்புல சேத்து வச்சு எடுத்துட்டியே. எங்க வீட்டாளுக்கு இந்த புத்தி இருக்குதா பாரு" என்று புருஷனை என் முன்னாலேயே இடித்தாள்.

நான் சிரித்துவைத்தேன். என் மகள் போடாத லைட்டு, அவள் குளிக்காத வெந்நீர், அவள் புழுங்குகிறது என்று சொல்லிச் சுற்றவிடாத ஃபேன், எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் பண்ணி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதில் மளிகை வாங்க எனக்கு மனசு வருமா? அப்படியே முடிந்து வைத்து, பொங்கலுக்கு இரண்டு பேரும் சாத்தூருக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தோம். பஸ்ஸுக்கும் அவளுக்கு ஒரு கவுனுக்கும் அக்காவுக்கு ஒரு சேலைக்கும் அது சரியாக இருந்தது.

அதுவே வழக்கமாகிவிட்டது. சித்திரையில் மூன்று பேர் என்று சொல்வது. தீபாவளிக்குத் திரும்பி வருவதை வைத்துக்கொண்டு பொங்கலுக்குப் போய் அவளைப் பார்ப்பது. மே மாசம் லீவுக்கு அக்கா அவளைக் கொண்டுவந்து விடுவாள். கொஞ்ச நாள் வீடு வீடாக இருக்கும். ஒரு வருஷம் பிடிவாதமாக அவளை இங்கேயே நிறுத்திக்கொண்டேன். முதல் மழைக்கே நெஞ்சு இழுக்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, கடைசியில் அவரே லீவு போட்டு ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவர் கேட்பதும் நான் "மூணு" என்பதும் மட்டும் நிற்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்வேன்.

அப்புறம் கரண்டு விலை ஏறியது. கம்பெனி வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று சாயங்காலமே காலனிக்குப் புத்தி வந்துவிட்டது. குழல் விளக்கைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்பு போட்டார் ஒருத்தர். அது அதிகம் இழுக்கும் என்று இன்னொருத்தர் சொன்னதும் மறுபடி குழல் விளக்கை மாட்டினார். இஸ்திரிப் பெட்டியை வீட்டுக்கு வீடு ஒளித்துவைத்தார்கள். நானும் சளைத்தவளா? விலை ஏறினால் தீபாவளிக்குத் திரும்பி வருவது குறையும். குறைந்தால் பொங்கலுக்குச் சாத்தூர் கிடையாது. ஆகவே அடுப்படியில் மட்டும் ஒரு விளக்கு எரியவிட்டேன். சாப்பாடு, காய் நறுக்குவது, அவர் பேப்பர் படிப்பது எல்லாம் அந்த ஒரு விளக்கில்தான். விறகடுப்பில் வெந்நீர் வைத்தேன். எங்கள் மீட்டர் சக்கரம் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது போல இருந்தது.

ஒரு நாள் பகலில் கதவைத் தட்டினார்கள். மீட்டர் பார்க்கும் எலக்ட்ரீஷியனும் கூடவே குவார்ட்டர்ஸைக் கவனிக்கிற வெல்ஃபேர் ஆபீசரும் நின்றார்கள். அந்தச் சமயம் சில வீடுகளில் பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு, தனி ஆட்களை உள்வாடகைக்கு வைத்திருந்தார்கள். அதைப் பிடிக்கத்தான் வந்திருந்தார்கள். குடும்பம் இல்லை என்று தெரிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

ஆபீசர் மரியாதையாகத்தான் கேட்டார். "டைம் ஆபீஸ்ல மூணு பேர்னு இருக்கும்மா. மீட்டரைப் பாத்தா ஒரு ஆள் இருக்கிற வீடு மாதிரிகூட ஓடலையே. குழந்தை எங்கே?"

பொய்க் கணக்குச் சொன்னதாக எங்களையும் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் போய்விட்டது. குவார்ட்டர்ஸ் போனால் வெளியில் ஓட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த ஈரத்தில் இவளை எந்த ஜென்மத்தில் கூட்டிவருவது? வாய் தானாகச் சொன்னது, "உள்ளே தூங்குறா சார்."

அவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரிம்மா, எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் படியிறங்கிப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு அந்தச் சின்ன அறையில் போய் நின்றேன். பாயும் தலையணையும் அவள் லீவுக்கு வந்துபோன போது சுருட்டி வைத்தபடியே இருந்தன. நின்றபடியே அழுதேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து அந்த அறையில் விளக்குப் போட ஆரம்பித்தேன். மீட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. ஆனால் போட்டுவிட்டுப் பார்த்தால் அந்த அறை நன்றாக இருந்தது. தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது ஜன்னலில் வெளிச்சம் தெரியும். உள்ளே ஆள் இருப்பது போல இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்புகிற நேரத்துக்குப் போட்டு, சோறு உண்டு படுக்கிற நேரத்துக்கு அணைப்பேன். ஃபேனையும் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். ஓசூர் குளிரில் ஃபேன் ஓடிய வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். அவர் பார்த்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு அடுப்படி விளக்குக்குப் போய்விடுவார்.

எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் கிண்ணத்தில் கேசரியோடு வந்து நின்றாள். "பாப்பா வந்துட்டாளாக்கா? ரூம்ல லைட்டு எரியுதே தினமும். அதான் செஞ்சு எடுத்தாந்தேன்" என்றாள்.

"இல்லடி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டு, "நீயாவது சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

தீபாவளிக்குக் கணக்கு முடித்தார்கள். ஏறிய விலையும் நான் எரித்த விளக்குமாகச் சேர்ந்து, மூன்று பேருக்குப் பிடித்ததை அப்படியே தின்றுவிட்டிருந்தன. ஒரு பைசா திரும்பவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்று காட்டப் போய், பிள்ளையைப் பார்க்கப் போகும் பணத்தை எரித்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன். அவர், "விடு புள்ள, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றார். அடுத்த வருசம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வரும்.

பொங்கலன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து சாத்தூரில் அக்கா வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். மூச்சு வாங்க ஓடிவந்து போனை எடுத்தாள்.

"ஏம்மா வரலை?"

"கரண்டுக்குக் காசு நிறையப் போயிருச்சுடி தங்கம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், "அங்க அவ்வளவு இருட்டாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

அதன் பிறகு விலை ஏறுவதும் டைம் ஆபீஸ் தொகையை ஏற்றுவதும் வாடிக்கையாகிவிட்டது. தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. அவளுக்கும் வயது ஏறியது. இளைப்பு மெல்லக் குறைந்து, ஒரு வருஷம் முழுக்க வரவே இல்லை. மே மாசம் அக்காவோடு அவள் வந்தபோது அதே டாக்டரிடம் காட்டினேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே பயமில்லை, இங்கேயே வச்சுக்கலாம்" என்றார். வரும் வழியெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வைத்தேன். ஸ்வெட்டர் வாங்கினேன். அந்தச் சமயம் பார்த்து டைம் ஆபீஸில் மறுபடி தொகையை ஏற்றி, எல்லோரும் புதிதாகச் சொல்ல வேண்டும், மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்று அறிவித்தார்கள். மூன்று பேருக்கான பிடித்தம் இப்போது விளையாட்டுத் தொகை இல்லை. பொய்க்குக் கட்டினால் கட்டுப்படியாகாது. "இந்தத் தடவை நெசமாவே மூணு" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "உன் புள்ளை, உன்கூட இருக்கறதுதான் நியாயம். நான் பாத்துக்கிடுதேன்னுதான சொன்னேன், வச்சுக்கிடுதேன்னா சொன்னேன்?" என்றாள். சொல்லிவிட்டு, கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடி கழுவினாள்.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்குப் போயிருந்தாள். மகள் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தன்னுடையதை ஒரு பக்கம், அக்காவுடையதை ஒரு பக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், ஸ்வெட்டரைக் காட்டினேன். போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது.

"நல்லாருக்கும்மா" என்றாள். பிறகு அதைக் கழற்றி மடித்துக்கொண்டே, "நான் இங்கன இருந்தா பெரியம்மா லைட்டே போட மாட்டாங்கம்மா" என்றாள்.

"என்னது?"

"நான் லீவுக்கு இங்க வந்துட்டா பெரியம்மா வீட்டுல லைட்டே எரியாதாம். வேலை முடிஞ்சு வந்து இருட்டுலயே உக்காந்திருப்பாங்களாம். பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க. நான் திரும்பிப் போனப்புறம்தான் போடுவாங்களாம்." அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உனக்கு அப்பா இருக்காங்கள்ல?"

அழவில்லை, கெஞ்சவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் அந்தக் கணக்கில் ஒரு இடத்தில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆள் இல்லாத அறைக்கு விளக்குப் போட்டவள் நான். ஆள் இல்லாததால் விளக்கே போடாதவள் அக்கா. இதில் யாருக்கு அதிக ஆசை என்று எந்த மீட்டரில் பார்க்க முடியும்? எனக்கு அக்கா மேல் ஆத்திரம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தித் தீர்த்துவிட்டுப் பிள்ளையை நிறுத்திக்கொண்டிருப்பேன்.

அவர்கள் இரண்டு பேரையும் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னட்டி, இருக்கட்டும்னு சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இந்த வருசம் அங்கயே படிக்கட்டும்க்கா" என்றேன். மகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பெரியம்மா மடியில் பையைத் தூக்கி வைத்துவிட்டு எனக்குக் கை காட்டினாள். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டுதான் போனாள், அந்த ஊர் வெயிலில் அதைப் போட்டு என்ன செய்யப் போகிறாளோ.

மறுநாள் காலையில் அவர் ஷிப்டுக்குக் கிளம்பினார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலில் தயங்கினார். டைம் ஆபீஸில் தொகை சொல்ல அன்றுதான் கடைசி நாள். அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"ரெண்டுன்னு போட்டுருங்க."

"இருக்கட்டும் புள்ள. மூணாவே இருந்துட்டுப் போவுது. அதான் லீவுக்கு வருவாள்ல? நான் ஓவர்டைம் பாத்துக்கிடுதேன்" என்றார். இத்தனை வருஷமும் நான்தான் மூன்று மூன்று என்று அடம்பிடித்தேன், அவர் என் வாய்க்குப் பயந்து சொல்லிவந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தபோதுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

"லீவுக்கு வந்துட்டுப் போறவளுக்கு எதுக்குங்க மாசாமாசம்?" என்றேன். "விருந்தாளிக்கு யாராவது சம்பளத்துல பிடிக்கச் சொல்வாங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான், யாரை விருந்தாளி என்று சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது, அவர் போய் ஏறினார்.

சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, காபி குடித்து முடித்த பிறகு, "ரெண்டுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

நான் சரி என்றேன்.